க்ளஸ்டரை எழுப்புவது யார்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடலூரிலிருந்து போன். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். இப்போது சிப்காட் பக்கம் ஓர் ஆலையில் டேட்டா வேலை முழுக்க அவர் ஒருவர் தலையில். “அண்ணா, க்ளஸ்டர் எழுந்திரிக்கவே இல்ல. ஆறு மணி ஷிஃப்ட் ரிப்போர்ட் போகல. மேனேஜர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு.” க்ளஸ்டர் என்றால் டேட்டாவை வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் தரும் வாடகை மெஷின்களின் கூட்டம்; வேலையில்லாதபோது தூங்க வைத்தால் வாடகை மிச்சம். அதற்கு முந்தைய புதன்கிழமைதான் தானாக எழுந்து தானாகத் தூங்கும்படி அட்டவணை போட்டிருக்கிறார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சொன்ன நேரத்துக்கு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் கேட்க ஆளில்லாத நாள். அன்றைக்கும் எழுந்து இரவு வரை சும்மா ஓடியிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் அசையவில்லை.

கையால் எழுப்பிவிட்டு அன்றைய பாட்டைப் பார்த்தார். தப்பு எங்கே என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது, அதைக் கீழே சொல்கிறேன். மாலையில் மறுபடி கூப்பிட்டார். “பாண்டியில நீங்க எப்படி வச்சிருக்கீங்க? அதையே நானும் வச்சுக்கறேன்.” அதற்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் அவருக்கும் நடுவே அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை என்று ஒரு பஸ் பயண தூரம்தான். ஆனால் எங்கள் க்ளஸ்டர் விழித்திருக்க வேண்டிய நேரம் வேறு, அவருடையது விழித்திருக்க வேண்டிய நேரம் வேறு. எந்தக் கருவி என்பது அதைப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

இருவரும் வைத்திருப்பது அமேசானின் ரெட்ஷிஃப்ட். 2012 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2013 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட தரவுக் கிடங்கு. க்ளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு. தலைமை நோடு ஒன்று கேள்வியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும்; மற்ற நோடுகள் அரைத்துத் தரும். கேள்வி வந்தாலும் வராவிட்டாலும் நோடு விழித்திருக்கும் நேரத்துக்கெல்லாம் மீட்டர் ஓடும், வெயிட்டிங்கில் நிற்கும் ஆட்டோ மாதிரி.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆர்ஏ3 எக்ஸ்எல்பிளஸ் என்ற ரக நோடு ஒன்றுக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மண்டலத்தில் பட்டியல் விலை மணிக்கு 1.086 டாலர்; மும்பையில் இதைவிடக் கூடுதல். இரண்டு நோடு, 30 நாள், 720 மணி நேரம் என்றால் 1,564 டாலர். திங்கள் முதல் சனி வரை, காலை 8:30 முதல் இரவு 8:30 வரை மட்டும் ஓட்டினால் வாரத்தின் 168 மணி நேரத்தில் 72. மாதத்துக்கு 312 மணி நேரம், 678 டாலர். பாதிக்கு மேல் மிச்சம். தூங்கும்போதும் சேமிப்பிடத்துக்கான காசு போகும், அது சின்னத் தொகை. ஒன்றை மட்டும் முதலிலேயே கவனியுங்கள்: நோடுகளை ஓராண்டு, மூன்றாண்டு என்று முன்பதிவு செய்துவிட்டவர்களுக்குத் தூங்க வைப்பதால் ஒரு பைசா மிச்சமில்லை. முன்பதிவுத் தள்ளுபடி, தூக்கம் இரண்டில் ஒன்றைத்தான் அனுபவிக்க முடியும். ஓராண்டு முன்பதிவில் பில் பாதியாகக் குறையாது என்பதால், பகலில் மட்டும் வேலை நடக்கும் இடங்களுக்குத் தூக்கமே லாபம்.

இந்த வசதியே 2020 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்னால் இரவில் ஸ்னாப்ஷாட் (மொத்த டேட்டாவின் நகல்) எடுத்து க்ளஸ்டரையே அழித்துவிட்டு, காலையில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து திரும்பக் கட்டியவர்கள் உண்டு. தினமும் வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரியான வேலை.

கையாலும் மூலை மெஷினாலும்

கையால் செய்வதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒரே க்ளஸ்டர், ஒரே ஆள், வாரத்தில் இரண்டு நாள் வேலை என்றால் திரையைத் திறந்து இரண்டு க்ளிக் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறந்துபோவார்கள் என்பதுதான் இதன் ஒரே குறை, அந்தக் குறைக்கு மருந்தும் கிடையாது.

நாங்கள் அதிலிருந்து தாவியது ஒரு கிரானுக்கு, அதாவது குறித்த நேரத்தில் ப்ரோகிராமை ஓட்டும் வசதிக்கு. ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் பத்து வரி பைத்தான்; காலை எட்டரைக்கு எழுப்பு, இரவு எட்டரைக்குத் தூங்க வை. நாங்கள் இருந்த ஊர் நேரத்திலேயே ஓடியது, குழப்பமில்லை. யாரும் அதைத் தொடவில்லை, தூசு கூடத் தட்டவில்லை.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் வருகிறது என்று எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியிருந்தோம். எட்டரைக்கு அந்த மெஷின் கடமை தவறாமல் க்ளஸ்டரை எழுப்பிவிட்டது. மதியத்துக்கு மேல் கரண்ட் போனது. யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கியிருக்கும். அன்று இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. செவ்வாய்க்கிழமை காலைதான் ஆபீஸ் கதவைத் திறக்க முடிந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை, நாற்காலிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன, அந்த டெஸ்க்டாப்பைத் தூக்கினால் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகியது. இத்தனை நேரமும் க்ளஸ்டர் மும்பையில் சொகுசாக விழித்திருந்தது. சனி இரவு, ஞாயிறு முழுக்க, திங்கள் இரவு என்று வீணான 48 மணி நேரம். மேலே சொன்ன பட்டியல் விலைக்கு நூறு டாலர் சொச்சம்.

பணம் பெரிதில்லை. எனக்கு உறைத்தது வேறு. கரண்ட் வெள்ளிக்கிழமை இரவே போயிருந்தால்? க்ளஸ்டர் தூக்கத்தில் இருக்கும்போதே அதை எழுப்ப வேண்டிய மெஷின் செத்திருக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்க, சனிக்கிழமை விற்பனைக் கணக்கைத் திறந்தால் பிழைச் செய்தி வந்திருக்கும். எங்கள் ஊரில் புயல் என்று அவருக்கு எத்தனை தடவை சொல்ல முடியும்?

அன்றிலிருந்து எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இது செத்துப்போனால் க்ளஸ்டர் எந்த நிலையில் நிற்கும், அதை யார் எப்போது கவனிப்பார்கள்? 2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ஃபெஞ்சல் என்று வாங்கிக் கட்டிக்கொண்ட கடற்கரையில் இருந்துகொண்டு, மும்பையில் இருக்கும் க்ளஸ்டருக்கான சுவிட்சை ஆபீஸ் மூலையில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. “என் லேப்டாப்புலதான் ஓடுது” என்பதும் இதே கதைதான், அளவில் சின்னது.

அட்டவணை: எளிது, ஆனால் கடிகாரம் வேறு ஊரில்

ரெட்ஷிஃப்டுக்குள்ளேயே அட்டவணை வசதி இருக்கிறது. தூங்க வை, எழுப்பு, நோடு எண்ணிக்கையை மாற்று ஆகிய மூன்று வேலைகளை நேரம் குறித்து விடலாம். எழுத வேண்டிய ப்ரோகிராம் எதுவும் இல்லை. அதற்கென ஓர் அனுமதிப் பாத்திரம் (ரோல், அதாவது எதெதற்கு உரிமை என்ற பட்டியல்) உருவாக்க வேண்டும். அதில் இந்த மூன்று வேலைக்கு மட்டும் சாவி கொடுங்கள். அவசரத்தில் கொத்துச் சாவியையே கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். க்ளஸ்டரை அழிக்கும் உரிமையும் அந்தக் கொத்தில் தொங்கும்.

ஜூனியர் போட்டிருந்தது இதைத்தான், மாட்டிக்கொண்டதும் இதில்தான். இந்த அட்டவணை உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. எங்கள் காலை 8:30 அங்கே அதிகாலை 3:00. எங்கள் இரவு 8:30 அங்கே பிற்பகல் 3:00. இரண்டும் அதே கிழமைக்குள் விழுவதால் எங்களுக்குச் சிக்கலே வரவில்லை. அவருக்கு ஆறு மணி ஷிஃப்ட் ரிப்போர்ட். ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டும். நம் ஐந்து மணி யூடிசியில் இரவு 11:30. மணியைச் சரியாக மாற்றினார், கிழமையை மாற்ற மறந்தார். ‘திங்கள் முதல் சனி வரை 23:30’ என்று போட்டால் நம் ஊரில் அது செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை ஐந்து. நம் திங்கட்கிழமை காலை ஐந்து யூடிசியில் ஞாயிறு இரவு, அந்த ஞாயிறு பட்டியலிலேயே இல்லை. தூங்க வைப்பதைப் பாதுகாப்புக்காகத் தினமும் போட்டிருந்ததால் ஞாயிறு இரவு ஒழுங்காகத் தூங்கியது. போட்ட பட்டியலை அது அப்படியே செய்தது, அதனால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

காலை ஐந்தரைக்கு முன்னால் எந்த வேலை இருந்தாலும் யூடிசியில் முந்தைய நாளின் கிழமையைப் போடுங்கள். தலைவலி வேண்டாம் என்றால் 2022 நவம்பரில் வந்த அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர் இருக்கிறது; அதில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று நேர மண்டலத்தையே குறித்துவிடலாம், நடுவில் லாம்ப்டா (நாம் எழுதிய சின்ன ப்ரோகிராமைக் கூப்பிடும்போது மட்டும் ஓட்டும் அமேசான் சேவை) எதுவும் இல்லாமல் நேராக ரெட்ஷிஃப்டைக் கூப்பிடவும் செய்யும். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு உள்ளே இருக்கும் அட்டவணையைவிட இதைத்தான் சொல்வேன்.

எழுவதற்குச் சில நிமிடம் பிடிக்கும். எழுந்த உடனே வரும் முதல் கேள்விகளும் மெதுவாகத்தான் ஓடும், வேகத்துக்காக எடுத்து வைத்திருந்த கையிருப்பு (கேஷ்) எல்லாம் காலியாகியிருக்கும். ஒன்பது மணிக்கு ஆள் வருகிறார் என்றால் எட்டே முக்காலுக்கு எழுப்புவது கஞ்சத்தனம்.

இன்னொரு விஷயம் எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அழித்த வரிசைகளின் இடத்தை மீட்பது, புள்ளிவிவரங்களைப் புதுப்பிப்பது போன்ற பராமரிப்பை ரெட்ஷிஃப்ட் 2018, 2019-இலிருந்தே தானாகச் செய்கிறது. எப்போது செய்கிறது? வேலைப் பளு குறைந்த நேரத்தில். நாங்களோ வேலைப் பளு குறைந்த நேரம் மொத்தத்தையும் தூக்கத்துக்கு ஒதுக்கிவிட்டோம். டேபிள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, ரிப்போர்ட்டுகள் மந்தமாகின. இப்போது இரவு லோடு (அன்றைய டேட்டாவை ஏற்றும் வேலை) முடிந்ததும் பெரிய நான்கு டேபிள்களுக்கு மட்டும் அந்த இரண்டு பராமரிப்புக்கான வேக்யூம், அனலைஸ் கட்டளைகளை நாங்களே ஓட்டிவிட்டுத் தூங்க வைக்கிறோம். வாராந்தரப் பராமரிப்பு நேரத்தையும் பாருங்கள். நாமாக ஒன்றைக் குறிக்காவிட்டால் ஒரு நேரத்தை அதுவே ஒதுக்கிக்கொள்ளும், அது நீங்கள் தூங்க வைத்த நேரத்துக்குள் விழுந்தால் மராமத்துக்காரர் பூட்டிய வீட்டு வாசலில் நிற்பது மாதிரிதான்.

மணி அடித்தா, வேலை முடிந்தா?

பாண்டிச்சேரியில் மில்கள் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். தறியில் நூல் பாதியில் நிற்கிறதா என்று சங்குக்குத் தெரியாது. நேர அட்டவணையும் அப்படித்தான். க்ளஸ்டரைத் தூங்க வைக்கும்போது ரெட்ஷிஃப்ட் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகளை வெட்டிவிடும். எங்கள் இரவு லோடு ஏழரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடியும். மாதக் கடைசியில் ஒன்பது ஆகும். எட்டரைச் சங்கு அதன் கழுத்தில் விழும். ஒரே பரிவர்த்தனைக்குள் ஓடிய வேலை பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பரவாயில்லை. ஏழு படியாகப் பிரித்து ஓடிய லோடு நான்காவது படியில் அறுந்தால், காலையில் பாதிக் கணக்கோடு ரிப்போர்ட் திறக்கும். பிழைச் செய்தியாவது வந்தால் ஆள் போன் செய்வார். பாதிக் கணக்கை நம்பிக் கொள்முதல் ஆர்டர் போட்டுவிடுவார்.

இதற்கு இரண்டு வழி பார்த்தோம்.

ஒன்று, தூங்க வைப்பதை லோடின் கடைசிப் படியாகவே வைத்துவிடுவது. வேலைகளைப் படிப்படியாக வரிசையில் ஓட்டும் ஏர்ஃப்ளோ என்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு ரெட்ஷிஃப்டை எழுப்பவும் தூங்க வைக்கவும் தயாராகவே ஆப்பரேட்டர்கள் (எழுதி வைத்த படிகள்) இருக்கின்றன. முதல் படி எழுப்பு, கடைசிப் படி தூங்க வை, நடுவில் உங்கள் வேலை. பார்க்க அழகாக இருக்கும். நடுவில் ஒரு படி தவறினால் கடைசிப் படி ஓடாமல் க்ளஸ்டர் விடிய விடிய விழித்திருக்கும். அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். ஆனால் இதற்காக மட்டும் ஏர்ஃப்ளோவைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். அதைப் பராமரிக்கும் செலவு, நீங்கள் மிச்சம் பிடிக்கும் தொகையைச் சாப்பிட்டுவிடும்.

இரண்டாவது, சங்கு ஊதினாலும் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும் ஒரு காவலாளி. ஷெட்யூலர் லாம்ப்டாவைக் கூப்பிடும். லாம்ப்டா க்ளஸ்டரிடம் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்கும். ஓடினால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி. எதை வைத்து ‘ஓடுகிறது’ என்று முடிவெடுப்பது என்பதில் எங்கள் கை சுட்டது. முதலில் திறந்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தோம். லாஸ்பேட்டையிலிருந்து வரும் எங்கள் தம்பி ஒருவர் கேள்வி எழுதும் எஸ்க்யூஎல் திரையை மூடாமலே வீட்டுக்குப் போகிற ரகம். அவர் லேப்டாப் பையில் போன பிறகும் இணைப்பு ஒன்று உயிரோடு காட்டும். க்ளஸ்டர் அவருக்காக விழித்திருக்கும். இணைப்பை விட்டுவிட்டு, அந்த நொடியில் ஓடும் கேள்விகளை மட்டும் எண்ணத் தொடங்கிய பிறகுதான் சரியானது.

லாம்ப்டா ஒன்றால் அதிகபட்சம் 15 நிமிடம்தான் ஓட முடியும். எழுந்துவிட்டதா என்று காத்திருந்து பார்ப்பதை அதற்குள் அடைக்காமல், படிகளைக் காத்திருந்து ஓட்டும் அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் விட்டுவிடுவது நல்லது. காத்திரு, பார், இல்லையென்றால் மறுபடி காத்திரு, அரை மணி நேரமாகியும் எழாவிட்டால் போனுக்குச் செய்தி அனுப்பு. ஜூனியருக்கு அன்று தேவைப்பட்டதும் இதுதான். ஐந்தரைக்கு “இன்னும் எழவில்லை” என்று ஒரு செய்தி வந்திருந்தால் மேனேஜருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். காவல் வேலை அட்டவணைக்கு வெளியே இருக்க வேண்டும். எழுப்ப மறந்த அட்டவணை தான் மறந்ததாகச் சொல்லாது.

இந்த வழிக்கு ஒரு விலை இருக்கிறது, பில்லில் வராத விலை. யாரோ எழுதிய அறுபது வரியை யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். லாம்ப்டாவில் பைத்தான் 3.7-க்கான ஆதரவு 2023 டிசம்பரில் முடிந்தது, 3.8-க்கு 2024 அக்டோபரில். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். மின்னஞ்சல் எச்சரிக்கை அவருடைய பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கும்.

விடுமுறைக்கும் இங்கேதான் இடம். புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். எங்கள் குழுவில் நான்கு பேர் பாண்டி, இரண்டு பேர் கடலூர். பாண்டிக்காரர்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் கடலூர்க்காரர்கள் வேலை பார்ப்பார்கள், அல்லது யாருமே பார்க்க மாட்டார்கள். இதை எந்தக் கிரானிலும் எழுத முடியாது. க்ளஸ்டரின் மேல் ஒரு டேக் (சீட்டு மாதிரி ஒட்டும் குறிப்பு) வைத்தோம், அதில் ஒரு தேதி. அந்தத் தேதி வரை காவலாளி தொடக் கூடாது. எங்களுக்குள் அதன் பெயர் ‘தூங்காதே டேக்’. நேர்மாறாக ‘எழுப்பாதே’ டேக்கும் உண்டு. மாதக் கடைசியில் ராத்திரி வேலை பார்க்கிறவர் ‘தூங்காதே’யைத் தானே போட்டுக்கொள்வார், என்னைக் கேட்க வேண்டியதில்லை. இத்தனை ப்ரோகிராமில் எல்லோரும் உண்மையில் பயன்படுத்துவது இந்த டேக்கைத்தான்.

டெராஃபார்ம் வேறு வேலை

“நாங்க எல்லாத்தையும் டெராஃபார்ம்ல வச்சிருக்கோம்” என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எழுத்தில் இருப்பதைப் பார்த்து மெஷின்களை அமைக்கும் கருவி அது. க்ளஸ்டரைக் கட்ட, அனுமதிகளையும் அட்டவணையையும் எழுத்தில் வைக்க நல்லது, அமேசானின் க்ளவுட்ஃபார்மேஷனும் அதற்கே. மூன்று க்ளஸ்டருக்கு மேல் இருந்தால் இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம். தினசரி சுவிட்ச் போடுவதற்கு மட்டும் இதைப் பிடிக்காதீர்கள். அட்டவணை மாதக் கடைசியில் இரண்டு நோடை நான்காக்கியிருக்கும். மறுநாள் வேறு ஏதோ சின்ன மாற்றத்துக்கு டெராஃபார்மை ஓட்டினால், எழுத்தில் இருப்பது இரண்டுதான் என்று அது திரும்ப இரண்டாக்கப் பார்க்கும். நோடு எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாதே என்று அதற்கு ஒரு வரி எழுதி வையுங்கள்.

பயப்பட வேண்டியது அழிப்பதில். தானாக எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகள் க்ளஸ்டரோடு சேர்ந்தே போய்விடும்; நாமாக எடுத்தவை மட்டும்தான் மிஞ்சும். ‘கடைசி ஸ்னாப்ஷாட் வேண்டாம்’ என்று சோதனைக்காகப் போட்ட ஒரு வரி, நகலெடுத்து ஒட்டியபோது நிஜ க்ளஸ்டருக்கும் வந்து உட்கார்ந்திருந்ததை எங்கள் குழுவிலேயே பார்த்தேன். நல்லவேளை, பார்த்தது ஓட்டுவதற்கு முன்னால் படிக்கும்போது.

தூக்கமே தேவையில்லாதவை

சரி, இத்தனை பாடு எதற்கு, க்ளஸ்டரே இல்லாத ஒன்றுக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ரெட்ஷிஃப்ட் சர்வர்லெஸ் 2022 ஜூலையில் எல்லோருக்கும் வந்தது. கேள்வி வரும்போது விழிக்கும், வராதபோது மெஷின் வேலைக்குக் காசில்லை. மெஷின் திறனை அளக்கும் ஆர்பியு என்ற அலகில், நொடிக் கணக்கில் பில். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 60 நொடி. நாங்கள் உருவாக்கிப் பார்த்தபோது அடிப்படை அளவு தானாகவே 128 ஆர்பியு என்று நின்றது. எங்கள் டேட்டாவுக்கு 8, 16 போதும். அப்படியே விட்டுவிட்டு முதல் பில்லைப் பார்த்து “சர்வர்லெஸ் விலை அதிகம்” என்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவு ஆர்பியு மணி நேரம்தான் என்று வரம்பு போடலாம். தாண்டினால் எச்சரிக்கலாம், கேள்விகளை நிறுத்தவும் சொல்லலாம்.

அந்த 60 நொடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் ஜூனியரின் ஆலையில் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. உற்பத்திக் கணக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கேள்வி ஓடுவது பத்து நொடி, பில் 60 நொடிக்கு. மணிக்குப் பன்னிரண்டு தடவை என்றால் 12 நிமிடம். நாள் முழுக்க 288 நிமிடம், அதாவது 4.8 மணி நேரம். 8 ஆர்பியுவில் அது 38.4 ஆர்பியு மணி நேரம். இராத்திரி இரண்டு மணிக்கு அந்த டிவியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். “வாட்ச்மேன் கூட அந்தப் பக்கம் வரமாட்டாரு, அண்ணா.”

ஸ்னோஃப்ளேக் என்ற இன்னொரு தரவுக் கிடங்கில் தூக்கமும் விழிப்பும் பிறவியிலேயே உண்டு. கேள்வி வந்தால் நொடிகளில் எழும், சும்மா இருந்தால் தானே தூங்கும். ரெட்ஷிஃப்ட் க்ளஸ்டர் நிமிடக் கணக்கில் சோம்பல் முறிப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. லோடுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கேயும் அந்த டிவி வந்து நிற்கும். சும்மா இருந்தால் எத்தனை நொடியில் தூங்க வேண்டும் என்பதை நாம் மாற்றாவிட்டால் 600 நொடி, பத்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேள்வி வந்தால் பத்து நிமிடம் சும்மா இருக்க வாய்ப்பே இல்லை, வருடம் முழுக்க விழித்திருக்கும். 60 நொடியாகக் குறைத்தால் கையிருப்பை அடிக்கடி இழந்து முதல் கேள்விகள் மெதுவாகும். நடுவில் எங்கோ உங்கள் எண் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் தூங்க வைக்க எதுவுமே இல்லை. எத்தனை டேட்டாவைப் படித்தீர்களோ அதற்குக் காசு, மாதத்துக்கு முதல் 1 டெபிபைட் (ஆயிரம் ஜிபிக்குச் சற்று மேல்) இலவசம். அங்கே பயம் தூக்கத்தைப் பற்றியது இல்லை, விரலைப் பற்றியது. பெரிய டேபிளில் எல்லா நெடுவரிசையையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘பத்து வரி மட்டும்’ என்று போட்டால் மிச்சம் என்று நினைப்போம். பொதுவாக மொத்தத்தையும் படித்துவிட்டுத்தான் பத்து வரி தரும். தேதி வாரியாகப் பிரித்து வைப்பதும், ஒரு கேள்விக்கு இவ்வளவு பைட்டுக்கு மேல் படிக்கக் கூடாது என்று வரம்பு போடுவதும் கட்டாயம். ஏற்கெனவே எல்லாம் அமேசானில் கிடக்கும் இரண்டு பேர் குழு, சுவிட்ச் போடச் சோம்பல்பட்டு இங்கே குடிபெயர்வதை நான் சொல்ல மாட்டேன். எழுதி வைத்த கேள்விகளைத் திருத்தவே மூன்று மாதம் போய்விடும்.

இன்னொன்று, கேட்டால் சிலருக்குக் கோபம் வரும்: மொத்த டேட்டாவே ஐம்பது ஜிபி என்றால் இதில் எதுவுமே வேண்டாம். சாதாரண போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போதும்.

யாருக்கு எது

எங்களுடையது கடை திறந்திருக்கும் நேரத்தில் நாள் முழுக்க விடாமல் கேள்வி வரும் க்ளஸ்டர். பன்னிரண்டு மணி நேரம் நிஜமாகவே வேலை இருக்கிறது. அதைச் சர்வர்லெஸில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம், மிச்சம் எதுவும் தெரியவில்லை. எனவே நேர மண்டலம் தெரிந்த ஷெட்யூலர், எட்டிப் பார்க்கும் லாம்ப்டா, எழாவிட்டால் கத்தும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ், அந்த இரண்டு டேக். எழுப்புவதும் தூங்க வைப்பதும் கையால் எப்படி என்று ஒரு பக்கம் எழுதி எல்லோர் போனிலும் இருக்கிறது, புயல் நாளுக்கு.

ஜூனியருடையது அப்படி இல்லை. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிஃப்ட் மாறும்போது மட்டும் அரை மணி நேரம் சுறுசுறுப்பு. லோடு, ரிப்போர்ட், அப்புறம் அமைதி. நாளுக்கு ஒன்றரை மணி நேர வேலைக்காக மூன்று தடவை எழுப்பி மூன்று தடவை தூங்க வைக்கும் அட்டவணையைப் பராமரிக்க அங்கே ஆளும் இல்லை, அவர் ஒருவர்தான். லீவில் போனால் யார் பார்ப்பது? 16 ஆர்பியுவில் ஒன்றரை மணி நேரம் என்றால் நாளுக்கு 24 ஆர்பியு மணி நேரம். சர்வர்லெஸுக்குப் போகச் சொன்னேன், நாள் வரம்பு 30 என்று வைத்து, தாண்டினால் எச்சரிக்கை மட்டும். கேள்விகளை நிறுத்தும் வரம்பைப் போட்டால் இரவு ஷிஃப்ட் ரிப்போர்ட்தான் முதலில் அடிபடும்.

டிவி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஷிஃப்டுக்கு ஒரு தடவை எடுத்து வைத்த கோப்பிலிருந்து காட்டினால் போதும் என்று நான் சொல்கிறேன். எண் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறுவதைப் பார்க்க மேனேஜருக்குப் பிடிக்குமாம். பகலில் மட்டும் ஐந்து நிமிடம், இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிறுத்தம் என்று அடுத்த வாரம் அவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.